முதுகுக்கு வைத்த பெயர்

முதுகு வைத்தியம் என்பது, வலியோடு வருகிறவரை அதே வலியோடும் கையில் ஒரு தைலப் பாட்டிலோடும் திருப்பி அனுப்புகிற தொழில். இதைப் படிக்கும்போதே உங்களில் பாதிப் பேர் ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே நாம் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முறை வருவதற்காகக் காத்திருக்கிறவர்கள் என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

நான் எல்.எம்.பி. என்கிற அந்தக் கால டாக்டர் படிப்பு படித்தவன். யுத்தம் நடந்த வருஷங்களில் மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் டிஸ்பென்சரி வைத்திருந்தேன். காய்ச்சல், கட்டி, கண்வலி என்று எல்லாவற்றையும் பார்க்கத்தான் ஆரம்பித்தேன். போதாத காலம், சென்னையில் ஒரு டாக்டர் கழித்துக்கட்டிய பழைய எக்ஸ்ரே மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து ஊரில் உள்ள வளைந்த முதுகெல்லாம் என் வாசலுக்கு வர ஆரம்பித்தது. அந்த மிஷின் வலி எங்கே இருக்கிறது என்று காட்டும். அதை என்ன செய்வது என்று காட்டாது.

டிஸ்பென்சரியில் இருந்தது மொத்தம் இரண்டு பேர், நானும் நர்ஸ் ஞானம்மாவும். ஞானம்மாவுக்கு நாற்பது வயது. எனக்குப் பிடிக்காத நேரத்தில் சரியான விஷயத்தைச் சொல்லுகிற வழக்கம் உள்ளவர். இருந்த ஒரு கூடத்தை மூங்கில் தட்டியால் இரண்டாகத் தடுத்திருந்தோம். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நோயாளியைப் பார்ப்பேன். அந்தப் பக்கம் பெஞ்சில் மற்றவர்கள் காத்திருப்பார்கள். தட்டி கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைப்பதற்குள் ஒரு குடும்பம் படாத பாடு பட்டுவிட்டது.

கட்டிக்கொண்ட படம்

எழுமலையிலிருந்து ஒச்சாத்தேவர் என்று ஒரு சம்சாரி வந்தார். வயது அறுபது இருக்கும். மாடு கட்டிக் கிணற்றில் கமலை இறைத்தே கெட்டுப்போன இடுப்பு. படம் எடுத்துப் பார்த்தால், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்க வேண்டியது தேய்ந்து போய், எலும்பு எலும்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வயதானால் வருகிற தேய்மானம்தான் என்று சொல்லி, தைலம் தேய்க்கவும் ஒத்தடம் கொடுக்கவும் சொன்னேன். படத்தையும் ஒரு காகித உறையில் போட்டு அவரிடமே கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். நடை கொஞ்சம் தெளிந்திருந்தது. எனக்கே ஆச்சரியம். மேலே போர்த்தியிருந்த துண்டை எடுக்கச் சொன்னால், இடுப்பைச் சுற்றி ஒரு பழைய வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார். ஞானம்மா அதை அவிழ்த்ததும், உள்ளேயிருந்து நான் எடுத்த எக்ஸ்ரே படம் வியர்வையில் ஊறி, ஓரமெல்லாம் சுருண்டு கீழே விழுந்தது. படம் என்பது நான் பார்ப்பதற்கு, அதுவே வைத்தியம் இல்லை என்று கால் மணி நேரம் விளக்கினேன். உங்களுக்குக் குணம் தெரிந்தது வேட்டியை இறுக்கிக் கட்டியதால்தான் என்றும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு படத்தைக் குனிந்து பொறுக்கித் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அதெல்லாம் சரிங்கய்யா. இம்புட்டுக் கட்டுனதுக்கே பாதி வலி போயிருச்சு. இன்னொரு படம் குடுத்தீகன்னா வயித்துப் பக்கமும் வச்சுக் கட்டிக்கிருவேன்."

தாலியும் ஒரே ஒரு ஃபிலிமும்

ருக்மணிபாய்க்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. மகால் பக்கத்தில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் ரெங்கய்யருக்குச் சாயப்பட்டறையில் வேலை. இவர் வீட்டில் உட்கார்ந்து சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடுவார். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு, எல்லாம் குனிந்தபடியே. பத்து வயதில் குனிந்த முதுகு அது. ஒருநாள் ஈரத்துணி மூட்டையைத் தூக்கியபோது நடுமுதுகில் மளுக்கென்று ஏதோ ஆயிற்று என்று சொல்லி, கணவரும் மகளும் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அதற்கு முன்பே லேசாகக் கூன் விழத் தொடங்கியிருந்தது. மகள் சரசாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தை மாதத்தில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். அதற்குள் எழுந்து நடமாட வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட ஒரே விஷயம்.

எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. வளையலைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். தாலிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். கழற்று என்று எந்த வாயால் சொல்வது? "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். யுத்தத்தால் ஃபிலிம் கிடைக்காமல், ஒரு முதுகுக்கு ஒரு படம் என்று நானே ரேஷன் வைத்திருந்த நேரம் வேறு. பக்கவாட்டில் இன்னொன்று எடுத்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. தாலியோடு, முன்பக்கமாக, ஒரே ஒரு படம்.

கழுவிப் பார்த்தால் நடுமுதுகில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. அதற்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். க்ஷயரோகம், அதாவது காசநோய், முதுகில் இறங்கினால் முதலில் அந்த இடைவெளியைத்தான் அரிக்கும். பார்க்க வேண்டிய அந்த இடத்தில் தாலி குண்டுகளின் நிழல் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் யோக்கியன். ஆனால் அந்தக் காலத்தில் வளைந்து வலிக்கிற முதுகைக் கண்டால் எங்கள் வாயில் முதலில் வருவது க்ஷயம்தான். தெரியாத இடத்தை அதைக்கொண்டே நிரப்பிவிட்டேன். ரெங்கய்யருக்குக் காது மந்தம். ஆகவே உரக்கவே சொன்னேன்: முதுகெலும்பில் க்ஷயம், ஆறு மாதம் மாவுக்கட்டுப் படுக்கையில் அசையாமல் கிடக்க வேண்டும், தட்டும் தம்ளரும் தனி, மகளைப் பக்கத்தில் விடக் கூடாது. ரெங்கய்யர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ருக்மணிபாய் தட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"கொஞ்சம் மெதுவாச் சொல்லக்கூடாதா டாக்டர்? வெளிய பெஞ்சுல மாப்பிள்ளையோட தாய்மாமா உக்காந்திருக்கார்."

முளைத்த முள்

கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிற சோணைமுத்துவின் படத்தை எடுத்துப் பார்த்தபோது, எலும்புகளின் ஓரமெல்லாம் கிளிமூக்குப் போலப் புதிதாக எலும்பு வளர்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. நெடுநாள் பாரம் தாங்கிய முதுகில் இப்படி வளரும். நாங்கள் அதை முள் என்போம். இனிமேல் மூட்டை தூக்காதே என்பதுதான் அதற்கு வைத்தியம். அரிசி மண்டியில் நிற்கிற ஒரு மனிதரிடம் அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியாது.

சோணைமுத்து அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முள் எங்கே, எத்தனை என்று விரலை வைத்து வைத்துக் கேட்டார். நானும் காட்டினேன். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"நாப்பது வருசமா ஊரான் மூட்டையத் தூக்குற, ஒனக்குன்னு என்னத்தைச் சேத்தேன்னு எங்க வீட்டுல ஏசிக்கிட்டே கிடப்பா. இந்தப் படத்தைக் குடுங்கய்யா, கொண்டுபோயி காட்டணும்."

கரைந்த கட்டு

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் விரிசலோடு வந்தார். நெஞ்சிலிருந்து இடுப்பு வரை சட்டை போல மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் வீட்டை விட்டு நகராதே என்று அனுப்பினோம். கட்டுப் போடுவதற்குள் எனக்கும் ஞானம்மாவுக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது. பதினைந்தாம் நாள் வெற்று முதுகோடு, ஒரு கவுளி வெற்றிலையும் கையுமாக வந்து நின்றார். கட்டு எங்கே என்று கத்தினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"நான் கழட்டலைங்கய்யா. தண்ணி எறைக்கையில அதுவாக் கரைஞ்சு ஓடிப்போச்சு. கொடிக்குத்தான் என்னமோ ஆயிருமோன்னு பயந்தேன், ஒண்ணும் ஆகலை."

காய்ச்சல் இல்லாத க்ஷயம்

நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே நோயாளி ருக்மணிபாய்தான். கொடிக்கால்காரர் கேட்காமல் போய் நன்றாக நடமாடினார். இவர் கேட்டுக் கிடந்தார். வீட்டின் பின்கட்டு அறையில், முதுகின் அச்சில் வார்த்த மாவுக்கட்டுக் கூட்டில், மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி வாரக்கணக்கில் கிடந்தார். சரசா நிலைப்படிக்கு வெளியே நின்று தட்டை உள்ளே தள்ளுவாள். ரெங்கய்யர் வந்து ஊட்டிவிடுவார். எல்லாம் என் உத்தரவு.

படம் காய்வதற்குள் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. தாய்மாமா சேஷய்யர் ஜரிகை வியாபாரி. நாளெல்லாம் கடையில் உட்கார்ந்து கெட்ட இடுப்புக்குத் தைலம் வாங்க வந்தவர், சம்பந்தி வீட்டின் வியாதியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் இருக்கும் என்று மூன்றாம் நாளே நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நான்கைந்து தெருவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஜனங்கள். ஒரு வீட்டில் வேண்டாம் என்றால் எல்லா வீட்டிலும் வேண்டாம்தான். தை மாதம் வந்தது, போனது. சரசா அம்மாவுக்குப் பதிலாக முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டாள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. வியாதியை டாக்டரா கொண்டுவந்தார் என்று ரெங்கய்யரே என்னிடம் சொன்னார். எனக்கு அது இன்னும் வலித்தது.

வாரம் ஒருமுறை ஞானம்மா போய்ப் பார்த்துவிட்டு ஒரு நோட்டில் எழுதுவார். ஒருநாள் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அன்றைக்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் சொன்னதே எனக்கும் சில நாளாக மனதில் அரித்துக்கொண்டிருந்தது என்பதால்தான் அவ்வளவு கோபம். அவர் சொன்னது இதுதான்:

"எட்டு வாரமா எழுதுறேன் டாக்டர். ஒரு நாள் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உடம்பும் இளைக்கலை. இந்தம்மாவுக்கு வந்த க்ஷயம் ரொம்ப நல்ல க்ஷயமா இருக்கே."

வெயில் என்கிற மருந்து

காஜிமார் தெருவிலிருந்து அத்தர் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர், தன் மனைவி மரியம் பீவியைத் திரை போட்ட வண்டியில் அழைத்து வந்தார். முப்பத்தைந்து வயதுதான். ஐந்து பிள்ளை பெற்றவர். உடம்பில் எலும்பு இருக்கிற இடமெல்லாம் வலி. நடந்தால் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்க முடிந்தது. படம் எடுக்க வேண்டும் என்றதும் ராவுத்தர் நெற்றியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு, படம் எலும்பைத்தானே பிடிக்கும், ஆளைப் பிடிக்காதே என்று தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துச் சம்மதித்தார். ஞானம்மா மட்டும் உள்ளே போய் அவரைப் படுக்க வைத்தார். நான் வெளியே சுவிட்சுப் பக்கத்தில் நின்றேன். உள்ளேயிருந்து ஞானம்மாவின் குரல் கேட்டது: "கருகமணியக் கழட்ட வேணாம்மா. வாயில தூக்கிக் கடிச்சுக்கங்க, போதும்."

கருகமணிதான் அவர்களுக்குத் தாலி. படம் துல்லியமாக வந்தது. வெயிலே படாமல் எலும்பு மிருதுவாகிப் போயிருந்தது. மீன் எண்ணெயும், தினம் ஒரு மணி நேரம் வெயிலும் என்று எழுதிக் கொடுத்தேன். மதுரையில் வெயிலை மருந்தாக எழுதிக் கொடுத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சீட்டை வாங்கிப் பார்த்த ராவுத்தர், இதற்கு எந்தக் கடைக்குப் போவது என்று கேட்கவில்லை. அந்த அளவுக்கு நல்லவர். மாடியில் வைத்தால் அக்கம்பக்கத்து மாடியிலிருந்து தெரியுமே என்றுதான் கவலைப்பட்டார். கடைசியில் மொட்டை மாடியில் நாலு பக்கமும் ஓலைத்தட்டி வைத்து அடைத்தார். மூன்று மாதத்தில் மரியம் பீவி யார் கையையும் பிடிக்காமல் என் டிஸ்பென்சரிப் படி ஏறினார். மருந்தை நிறுத்திவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ராவுத்தர் வண்டிக்காரரிடம் பேச வெளியே போன சமயம் பார்த்து, முக்காட்டுக்குள்ளிருந்து அவசரமாக ஒரு குரல் வந்தது:

"தட்டிக்கு மேல வானம் தெரியுது, புறா பறக்குறது தெரியுது டாக்டரய்யா. நோவு தீந்துபோச்சுன்னு மட்டும் இவுக கிட்டச் சொல்லிராதீங்க."

பல்லில் கடித்த தாலி

மரியம் பீவியின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கே எனக்கு ருக்மணிபாயின் படம் ஞாபகம் வந்துவிட்டது. கருகமணியைக் கடித்துக்கொண்டால் போதும் என்கிறார் ஞானம்மா. எலும்பும் இடைவெளியும் தனித்தனியாகத் தெரிகின்றன. ருக்மணிபாயிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் இருக்கட்டும்னுட்டீங்களே" என்றார். உண்மைதான். ஒரு பெண்ணின் மனம் நோகக் கூடாது என்று இரக்கப்பட்டு, அந்தப் பெண்ணின் வாழ்க்கையையே நோகடித்திருந்தேன்.

மறுநாளே அவரைக் கட்டிலோடு தூக்கிவரச் செய்து, ரேஷனை மறந்து இரண்டு படம் எடுத்தேன், முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தாலியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கழுவிப் பார்த்தால் இடைவெளி எதையும் எதுவும் அரிக்கவில்லை. எலும்புகள்தான் நசுங்கியிருந்தன, ஒன்று அல்ல, மூன்று. எல்லா எலும்பும் பலகாலம் துவைத்த மல் வேட்டி போல மெலிந்து, வெளிச்சம் ஊடே தெரிந்தது. என்னோடு படித்து, சென்னையில் எலும்பு வைத்தியராக இருந்த நண்பருக்கு இரண்டு படத்தையும் அனுப்பினேன். நாலு வரியில் பதில் வந்தது. க்ஷயம் இல்லை, மாதவிலக்கு நின்ற பெண்களில் சிலருக்கு எலும்பு இப்படி மெலியும், படுக்கப் போட்டால் இன்னும் மெலியும், உடனே எழுப்பி நடக்க வை. படுக்கப் போட்டவன் பெயரைக் கேட்டு அவர் எழுதவில்லை.

நானே போய் மாவுக்கட்டை எடுத்தேன். "அம்மா, உங்களுக்கு க்ஷயம் இல்லை. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். கூடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த சரசா ஓடி வந்தாள். ஓடி வந்தவள், பழக்கத்தில் நிலைப்படியிலேயே நின்றுவிட்டு, உள்ளே வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையை மட்டும் அசைத்தேன். மகள் வந்து கட்டிக்கொண்ட பிறகு, ருக்மணிபாய் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"முதுகுவலிக்கு மாவுக்கட்டுக் குடுத்தீங்க டாக்டர். நாலு மாசமா என் பொண்ணு என்னைத் தொடலை. அதுக்கு என்ன குடுப்பீங்க?"

அதே தட்டி, அதே குரல்

கொடுக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான். அன்று சாயங்காலமே சேஷய்யரின் ஜரிகைக் கடைக்குப் போனேன். படத்தை விரித்துக் காட்டி, நான் செய்த தப்பை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் உள்ளே யாரிடமோ தங்கள் பாஷையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபக்காரர் இல்லை. தராசு பிடிக்கிற மனிதர், எதையும் நிறுத்துத்தான் பேசுவார். "நான் நம்புறேன் டாக்டர். ஆனா அன்னைக்கு நீங்க சொன்னதை நான் மட்டும் கேக்கலை. பெஞ்சு பூரா கேட்டுச்சு. இன்னைக்கு எங்கிட்ட மட்டும் வந்து காதோட சொல்றீங்க. நாளைக்கு ஊர் கேட்டா நான் என்ன சொல்றது? வர்ற வெள்ளிக்கிழமை வேற இடத்துல பொண்ணு பாக்கப் போறதா இருக்கோம். அதுக்கு முன்னாடி, அதே தட்டிக்குப் பின்னாடி நின்னு, அதே மாதிரிச் சத்தமாச் சொல்லுங்க. என் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து அதே பெஞ்சுல உக்காருறேன்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு டாக்டரிடம் வாக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது? தைலத்தை எவரும் காய்ச்சிவிடலாம். முப்பது பேர் காத்திருக்கிற கூடத்தில், நான் சொன்னது தப்பு என்று நானே கூவ வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். "வேணும்னா நான் சொல்லட்டுமா?" என்று ஞானம்மா கேட்டார். அவர் எப்போதும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இது நான் சொல்ல வேண்டியது என்றேன். வியாழக்கிழமை காலை கூடம் நிறைந்திருந்தது. சேஷய்யரும் மாப்பிள்ளையின் தாயாரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததை ஞானம்மா கையைக் காட்டித் தெரிவித்தார். ரெங்கய்யரைத் தட்டிக்கு இந்தப் பக்கம் பழைய இடத்திலேயே நிறுத்தினேன். அவருக்குக் காது கேட்காது என்கிற சாக்கு அன்றைக்கு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

"உங்க சம்சாரத்துக்கு க்ஷயம் இல்லை!" என்று கத்தினேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. படத்துல தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எலும்பு மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அது யாருக்கும் ஒட்டாது. உங்க பொண்ணு நல்லா இருக்கா!" ரெங்கய்யர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தட்டியைத் தாண்டி வெளியே வந்தேன். சேஷய்யர் தங்கையைப் பார்த்தார். அந்த அம்மாள் மெதுவாகத் தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அது முழுதாக வருவதற்குள் பெஞ்சின் கோடியிலிருந்து சோணைமுத்து எழுந்து நின்றார். கையில் அந்தப் பழைய படம். முகத்தில் கவலை.

"அப்ப எனக்கு முளைச்ச முள்ளும் இல்லையாங்கய்யா? எங்க வீட்டுலயும் தெருவுலயும் எல்லாருக்கும் காட்டிப்புட்டேனே!"

கால் மட்டும் தெரிந்த மாப்பிள்ளை

அதற்குப் பிறகு என்னிடம் வருகிற கூட்டம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி, சொன்னதை இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க என்று ஒவ்வொரு சீட்டையும் திருப்பிக் கொண்டுவந்தது. எது மேல் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எல்லாப் பெண்களும் தாலியைக் கடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் என் டிஸ்பென்சரியில் ஞானம்மா பெயரால் நிலைத்தது.

வைகாசியில் அதே மாப்பிள்ளையோடு சரசாவுக்குக் கல்யாணம். பத்திரிகையை ரெங்கய்யரே கொண்டுவந்து கொடுத்தார். போவதற்குக் கூச்சமாக இருந்தது. பந்தலில் கடைசி வரிசைத் தூணோரமாக நின்றுகொண்டேன். குதிரைச் சேணம் தைக்கிற ஒருவரிடம் நான் சொல்லிப் பிரம்புப் பட்டை வைத்துத் தைக்கச் செய்த இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ருக்மணிபாய் யார் துணையும் இல்லாமல் எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டு வந்தார். எழுந்து நடந்தார் என்பது உண்மை. ஆனால் கூன் கூன்தான். முன்னைவிட நாலு விரற்கடை உயரம் குறைந்திருந்தார். அதை நிமிர்த்த என்னாலும் முடியவில்லை, சென்னை நண்பராலும் முடியவில்லை. நாலு மாதம் படுக்கப் போடாமல் இருந்திருந்தால் இவ்வளவு வளைந்திருக்காதோ என்று நினைத்தபடியே சந்தனத்துக்குக் கையை நீட்டினேன். என் செருப்பைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலி இருக்கு டாக்டர், அது எங்க போகும்? நிமிந்து மாப்பிள்ளை முகத்தைப் பாக்க முடியலை. மேடைக்கு வர்றப்ப அவர் காலைத்தான் பாத்தேன். நல்லா ஊண்டி நடக்குறார். எனக்கு அது போதும்."

முப்பது வருஷம் முதுகு வைத்தியம் பார்த்து நான் நிமிர்த்தியது ஒரே ஒரு கல்யாணத்தைத்தான்; அதையும் முதலில் வளைத்தவன் நானேதான்.